பின்னால் வரும் பாரம்



சிறுமலையின் அடிவாரத்தில் நமது பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்று உண்டு. நாற்பது குடும்பங்களே வாழும் சிற்றூர். ஓட்டுக் கூரை இற்றுப்போன தங்கள் சிற்றாலயத்தை இடித்துக் கட்ட வேண்டுமென்று அம்மக்கள் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தனர். பூக்கட்டிய காசும், கூலிக் காசும், கன்று விற்ற காசும் அதில் கலந்திருந்தன. சென்ற கோடையில் சுவர் எழும்பி, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்தது. தளம் ஒட்டுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். அன்று நிகழ்ந்த ஒன்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அதில் நமக்குப் பெருமை சேர்ப்பது ஒன்றுமில்லை.

கான்கிரீட் வேலை எத்தகையது என்பதைக் கட்டட வேலைக்குச் செல்லும் நம் வாசகர் பலர் அறிவர். தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்தலாகாது. பாதியில் நின்று மறுநாள் தொடர்ந்தால் பழையதும் புதியதும் ஒட்டாமல், நாளடைவில் அந்த இணைப்பின் வழியே நீர் கசியும். ஆகவே ஆட்களும் ஜல்லியும் மணலும் நீரும் இயந்திரமும் ஒரே வேளையில் ஓரிடத்தில் கூடியாக வேண்டும். தொழிலாளர் ‘மில்லர்’ என்று வழங்கும் கலவை இயந்திரத்தை நகரிலிருந்து கொண்டுவர ஏற்பாடாயிற்று. இரண்டு சக்கரமும் நீண்ட இரும்புக் கழுத்தும் உடைய அவ்வியந்திரத்தை நீங்கள் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். எடை ஒரு டன்னுக்கு மேல். தனக்கென்று எஞ்சின் உண்டு. ஆனால் அது உருளையைச் சுழற்றுவதற்கே. சாலையில் செல்ல வேண்டுமாயின் வேறொரு வண்டிதான் இழுத்துச் செல்ல வேண்டும். தனக்கென்று பிரேக் கிடையாது.

இழுத்துச் செல்ல வந்தது பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று. ஓட்டுநர் பேகம்பூரைச் சேர்ந்த பாய். அறுபதைக் கடந்தவர். இளமையில் லாரியில் கிளீனராக ஏறி, பின்னர் ஓட்டுநராகி, தோல் மண்டிக்கும் காய்கறிச் சந்தைக்கும் பாரம் ஏற்றியே முதுமை எய்தியவர்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நகரின் ஒரு முனையில் எல்லாரும் கூடினோம். வண்டியின் தொட்டியில் வைப்ரேட்டரும், தண்ணீர்ப் பீப்பாய்களும், பலகைகளும், இரும்புச் சட்டிகளும் நிறைந்திருந்தன. உட்கார இடமில்லை. வந்திருந்த பன்னிரண்டு சித்தாள் பெண்களும் வழக்கம்போல் மில்லரின் மீதும் அதன் கழுத்துக் கம்பியின் மீதும் ஏறி அமர்ந்தனர். அப்படி அமருமாறு அவர்களைக் கைகாட்டி ஏற்றியவர் வேறு யாருமல்லர், நாமேதான். அவ்வூருக்கு முதல் பேருந்து ஏழு மணிக்கே புறப்படும். ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது நமது எண்ணம்.

பாய் வண்டியிலிருந்து இறங்கினார். மில்லரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பு பெண்களை நோக்கி, “எல்லாரும் இறங்கிடுங்கம்மா” என்றார்.

“நேரமாகிறதே, பாய்” என்றோம்.

“மன்னிக்கணும் ஃபாதர். மில்லர் மேல ஆள் ஏறினா வண்டி நகராது.”

“எத்தனையோ வருடமாக எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள்? இன்று ஒரு நாளைக்குத்தானே?”

“ஒரு நாளைக்குத்தான் ஃபாதர் விழும். தினமும் விழாது.”

நமக்குச் சினம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. பெண்கள் நம் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தனர். பாய் அவசரப்படவில்லை. டயர்களில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். கொக்கியில் ஆணியைச் செருகி, அது நழுவாதிருக்கக் குறுக்கே கம்பியை மடக்கிவிட்டார். இருக்கையின் அடியிலிருந்து இரண்டு கனத்த சங்கிலிகளை எடுத்து, கழுத்துக் கம்பியின் கீழே குறுக்காகப் பின்னி, மில்லரையும் வண்டியையும் பிணைத்தார். பின்புறம் சிவப்புத் துணி கட்டினார். பழைய எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினார். அந்த அரை மணி நேரத்தில் எத்தனை முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தோமோ, நாமறியோம். முன்பே ஒரு நடை கூடுதலாக அடிப்பதற்கு அவர் கேட்ட வாடகையையும் வீண்செலவு என்று மறுத்திருந்தோம்.

வண்டி புறப்பட்டது. நாம் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தோம். மிதிவண்டியை முந்துவதற்கே தயங்கும் வேகம். ஊர் நெருங்குகையில் சிறுமலையிலிருந்து இறங்கும் காட்டோடையைக் கடக்கும் தரைப்பாலம் ஒன்று உண்டு. சாலை இருபுறமும் சரிந்து ஓடைக்குள் இறங்கி ஏறும். சரிவு தொடங்குமுன்பே பாய் வண்டியை ஏறத்தாழ நிறுத்தி, இரண்டாம் கியருக்கு மாற்றி, மெல்ல இறங்கினார். பாதிச் சரிவில் மழைநீர் அரித்த பள்ளம் ஒன்று. மில்லரின் இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. ‘டணார்’ என்றொரு ஓசை. மில்லரின் கழுத்து நுனியிலிருந்த வளையம், பழைய பற்றவைப்பு விட்டு, தனியே கழன்றுபோயிற்று.

கழுத்துக் கம்பி தரையை நோக்கிச் சாய்ந்தது. சங்கிலி அதைத் தாங்கிக்கொண்டது. ஒரு கணம் மில்லர் வண்டியின் பின்புறத்தை முட்டியது. அடுத்த கணம் பக்கவாட்டில் திரும்பி, சாலையோரக் கற்களின் மீது சாய்ந்து விழுந்தது. பாய் வண்டியை நிறுத்திவிட்டார். கீழே தரைப்பாலத்தில் இரண்டு சிறுவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தனர். சங்கிலி இல்லாதிருந்தால் அவ்வியந்திரம் அவர்களிடம் சென்றுதான் நின்றிருக்கும்.

சற்று நேரத்தில் பேருந்து வந்து பின்னால் நின்றது. பெண்கள் இறங்கி ஓடிவந்தனர். ஜல்லி கொட்டும் தொட்டி கற்களுக்கிடையே நசுங்கிக் கிடந்தது. அவர்கள் அதைச் சுற்றி நின்று ஒன்றும் பேசவில்லை. அவர்களுள் ஒருத்தி, அவ்வாண்டு புதுநன்மை வாங்கவிருந்த சிறுமியின் தாய், மெல்லச் சொன்னாள்: “சாமி, காலையில நான் அந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். பாய்தான் எறங்கச் சொன்னாரு.”

நமக்கு மறுமொழி இல்லை. பாய் ஓடை மணலில் அமர்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சென்று, “மன்னியுங்கள், பாய்” என்றோம். “கயிறு பத்தாது, சங்கிலி போடுன்னு எங்க உஸ்தாத் அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாரு ஃபாதர்” என்றாரேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை.

தளம் அன்று ஒட்டப்படவில்லை. வேறொரு மில்லர் கொணர்ந்து, மூன்றாம் நாள் ஒட்டினோம். எந்த மழைக்கு அஞ்சி அவசரப்பட்டோமோ, அந்த மழையும் வரவில்லை.

*

நிகழ்ந்ததன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டுமென்று பின்னர் பாயிடமும், நகரில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அன்பரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம் இல்லங்களில் டிராக்டரும் பிக்கப்பும் ஓட்டும் பிள்ளைகள் பலர் இருப்பதால் அதையும் இங்கே எழுதுவது பயன்தரும்.

டீசல் எஞ்சின் பாரம் இழுப்பதற்கென்றே பிறந்தது போன்றது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி எழுப்பும் கருவி இல்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்தும்போது அது தானே சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. மெதுவாகச் சுழலும்போதே வலுவாக இழுக்கக்கூடியது என்பது இவ்வகை எஞ்சினின் சிறப்பு. நமது பகுதியில் ஓடும் பழைய பிக்கப்புகள் பலவற்றில் இரண்டரை லிட்டர் அளவுள்ள டீசல் எஞ்சினே இருக்கிறது. அது ஒரு டன்னை இழுக்குமா என்றால் இழுக்கும். ஆனால் கேள்வி அதுவன்று. இழுத்துச் செல்வதை நிறுத்த முடியுமா என்பதே கேள்வி.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் சென்றவன் 40க்கு ஏறினால் அவன் சுமந்து செல்லும் ஆபத்து நான்கு மடங்கு. பின்னால் வருவதற்குப் பிரேக் இல்லையெனில், முன்னால் செல்வதன் பிரேக்கே இரண்டையும் தாங்க வேண்டும். நீண்ட சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவேதான், எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநரின் விதி. சின்னக் கியரில் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து வைக்கும். அதுவும் சரிவின் தலையிலேயே மாற்றிவிட வேண்டும். பாரம் தள்ளத் தொடங்கிய பிறகு கியரைத் தேடுவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது போலாகும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டிச் செல்வோர் உண்டு. அவர்கள் நாலு ரூபாய் டீசலுக்காகத் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் அடகு வைக்கின்றனர்.

அடுத்தது பாரத்தை அமைக்கும் முறை. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மாட்டு வண்டியில் புகையிலைச் சிப்பமும் நெல் மூட்டையும் ஏற்றியவர்கள் ‘முன்பாரம், பின்பாரம்’ என்று பேசிக்கொள்வதை முதியோர் நினைவுகூர்வர். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தி மாடு மண்டியிடும். சற்றே முன்பாரமாக இருப்பதே சரி. இன்றைய இழுவை வண்டிக்கும் அதே நீதிதான். பின்னால் வரும் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை கொக்கியின் மீது அமர வேண்டும் என்பது பொறியாளர் கூறும் அளவு. பின்பாரம் மிகுந்தால் இழுபடும் வண்டி வாலாட்டத் தொடங்கும். அவ்வாட்டம் முன்வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். சிறுமலையில் வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் குதிரை மீது ஏற்றிக் கொணர்வோர், குதிரையின் முதுகில் இருபுறமும் ஒத்துப் பார்த்த பிறகே நடக்கவிடுவர். அந்த வாயில்லாச் சீவனுக்குக் கிடைக்கும் கவனம் பன்னிரண்டு பெண்களுக்கு நம்மிடமிருந்து கிடைக்கவில்லையே என்று எண்ணி நாணுகின்றோம்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இழுத்துச் செல்லப்படும் வண்டிக்கும் பதிவும் எண்ணும் கேட்கிறது. இன்னொன்றைக் குடும்பத்தலைவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பயணி விபத்தில் இறந்தாலோ காயமுற்றாலோ இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணத்துக்கும், காதுகுத்துக்கும், வேளாங்கண்ணிக்கும் குடும்பத்தோடு சரக்கு வண்டியில் புறப்படும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அப்படிப் போகிறவன் தன் உயிரோடு, தன் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவியையும் சேர்த்தே பணயம் வைக்கின்றான்.

*

நமது வண்டிகளில் புனித கிறிஸ்தோபரின் படம் ஒட்டியிருப்பதைக் காண்கின்றோம். குழந்தை ஒன்றைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடந்தபோது, நடு ஆற்றில் அக்குழந்தையின் பாரம் தாங்கவொண்ணாதபடி பெருகியதென்றும், சுமந்தது உலகத்தின் ஆண்டவரையே என்று பின்பு அறிந்தாரென்றும் மரபுக் கதை கூறும். 1969ஆம் ஆண்டில் திருவழிபாட்டு நாட்காட்டி சீரமைக்கப்பட்டபோது அவரது விழா பொது நாட்காட்டியில் இடம்பெறாமல், அந்தந்தத் தலத்திருச்சபைக்கு விடப்பட்டது. அதனால் அவர் புனிதரல்லர் என்று ஆகிவிட்டதாகச் சிலர் கருதுவது தவறு. ஜூலை 25ஆம் நாளில் அவர் நினைவு இன்றும் உண்டு. படம் இருக்கட்டும், ஆனால் அவர் ஆற்றைக் கடந்தது கையில் ஊன்றிய கோலோடு, அடிமேல் அடி வைத்து என்பதையும் அப்படத்தில் பார்க்க வேண்டும். படத்தை ஒட்டிவிட்டு ஆணியைப் பாராது புறப்படுவது பக்தியன்று, ஆண்டவரைச் சோதிப்பது.

2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில், புலம்பெயர்ந்தோருக்கான திருப்பீட அவை சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநருக்கெனப் பத்துக் கட்டளைகளை அதில் தொகுத்திருந்தார்கள். மோயீசன் வழியாக வந்த பத்தில் நாம் ஐந்தாவதாக எண்ணும் கொலைத்தடையே அங்கு முதலாவதாக நிற்கிறது. சாலையில் நலிந்தோரைக் காத்தல், ஓட்டத்தகாத நிலையில் இருப்போரை அன்புடன் தடுத்தல், விபத்தில் சிக்கியோரின் குடும்பத்துக்குத் துணைநிற்றல் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். அவ்வேட்டை நாம் குருமாணவர்களுக்கே விளக்கிச் சொல்லியிருக்கின்றோம். ஐந்தாம் கட்டளையைப் பற்றி எத்தனையோ ஞாயிறுகளில் மறையுரையும் ஆற்றியிருக்கின்றோம். ஆயினும் அன்று விடியற்காலையில் அக்கட்டளையைக் கடைப்பிடித்தவர் நாமல்லர், பேகம்பூர் பாய்.

இதை எண்ணும்போது ஓர் உண்மை புலனாகிறது. கொலை செய்யும் எண்ணம் நமக்குக் கனவிலும் இல்லை. ஆண்டவருக்கு ஆலயம் எழுப்பும் நல்ல எண்ணமே இருந்தது. நல்ல வேலை நடக்கிறது என்னும் நினைவே நம் கண்ணை மறைத்தது. ஆலயத்துக்காகத்தானே, பிள்ளைகளுக்காகத்தானே, ஒரு நாளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டு, இழுக்கவொண்ணாத பாரத்தைப் பிறர் கழுத்தில் ஏற்றுகின்றோம். வண்டி ஓட்டுபவன் மட்டுமே விபத்துக்குப் பொறுப்பாளி என்று ஊர் சொல்லும். அவனை விரட்டியவன், இரண்டு நடைக்குரிய கூலியை ஒரு நடைக்குக் குறைத்தவன், இரவெல்லாம் ஓட்டியவனை மறுநாள் காலையிலும் வரச் சொன்னவன் ஆகியோரின் பெயர் எந்தக் காவல் நிலைய ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆண்டவரின் ஏட்டில் ஏறாமலிருக்குமா?

குடும்பங்களிலும் இவ்வாறே. மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்த வேண்டுமென்று வட்டிக்கு வாங்கிய பாரத்தைத் தந்தை இழுக்கின்றார். ஏற்றத்தில் அது தெரிவதில்லை. கையில் பணம் புரளும் நாளில் எதுவும் கனப்பதில்லை. மழை பொய்த்து, வேலை நின்று, சரிவு தொடங்கும்போதுதான் பின்னாலிருந்து அது தள்ளுகிறது. அந்நாளில் அவரைப் பிடித்துக்கொள்ளச் சங்கிலி உண்டா? மனைவியிடம் மறைக்காத கணக்கு, உடன்பிறந்தாரின் உறவு, அன்பியத்தாரின் அக்கறை ஆகியவையே அச்சங்கிலிகள். கொக்கி உறுதியாக இருக்கும் நாளிலேயே அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும்.

பங்குப் பேரவையினருக்கும், வேலை எடுத்து நடத்துவோருக்கும், வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் நமது வேண்டுகோள் இது. இழுத்துச் செல்லும் இயந்திரத்தின் மீது எவரையும் ஏற்றாதீர்கள். வேலையாட்களின் பேருந்துக் கட்டணத்தை வேலைச் செலவிலேயே சேர்த்துக் கொடுங்கள். வளையமும் பற்றவைப்பும் விரிசல் கண்டிருக்கின்றனவா என்று புறப்படுமுன் பாருங்கள். ஆணிக்கு மேல் சங்கிலி இரண்டு போடுங்கள். இருட்டில் இழுக்காதீர்கள், தவிர்க்கவியலாவிடில் பின்புறம் சிவப்பு விளக்கு எரியட்டும். நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக்கல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் ‘முடியாது’ என்று சொன்னால் அச்சொல்லை மதியுங்கள். அதைச் சொல்வதால் அவருக்கு அன்றைய வாடகையே போகக்கூடும். அப்படியிருந்தும் சொல்கின்றார் என்றால் அதில் பொருளிருக்கும்.

அச்சிற்றாலயம் இப்போது மந்திரிக்கப்பட்டு, வழிபாடு நடைபெற்று வருகிறது. மந்திரிப்பு நாளன்று பாயை அழைத்துப் பொன்னாடை அணிவித்தோம். பன்னிரண்டு பெண்களும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். அச்சிறுமி வெண்ணாடை உடுத்திப் புதுநன்மை வாங்கியபோது, அவள் தாய் அருகில் நின்றிருந்தாள்.

வாகனங்களை ஆசீர்வதிப்பதற்கெனத் திருச்சபையில் தனிச் சடங்குமுறை உண்டு. 1984ஆம் ஆண்டு உரோமையில் வெளியான ஆசீர் நூலில் அது இடம்பெற்றுள்ளது. புது வண்டி வாங்குவோர் மாலை கட்டிப் பங்கு இல்லத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். இப்போதெல்லாம் தீர்த்தச் செம்பைக் கையில் எடுக்குமுன் வண்டியின் பின்புறம் சென்று, கொக்கியையும் ஆணியையும் சங்கிலியையும் காட்டச் சொல்கின்றோம். ‘சாமிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்று இளைஞர்கள் சிரிக்கின்றனர். பேகம்பூரில் ஓர் ஆசிரியரிடம் கற்றோம் என்று விடையளிக்கின்றோம்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காத்தருள்வாராக.